பெயரற்ற குளிசை

‘பீனிசம்’ என்னும் சொல்லை அறியாத வீடு நமது ஊர்களில் இல்லை. காலையில் எழுந்தவுடன் பத்துத் தும்மல் தும்முகிறவனுக்கும் பீனிசம். மாரி காலத்தில் நெற்றி கனக்கிறவளுக்கும் பீனிசம். மூக்கடைப்பு, மண்டைக் குத்து, கன்ன நோவு, கண்ணைச் சுற்றிய வலி, மணம் தெரியாமை யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். வடமொழியிலிருந்து வந்து, சித்த வைத்திய ஏடுகளில் இடம்பெற்று, அங்கிருந்து அடுக்களைக்கு இறங்கிய இச்சொல் மேனாட்டு வைத்தியம் சொல்லும் ‘சைனஸ்’ நோயையும் விழுங்கிக்கொண்டது. ஒரு பழஞ்சொல் இத்தனை பாரத்தைச் சுமந்து இன்றும் உயிரோடிருப்பது தமிழ் படித்த எமக்கு மகிழ்ச்சி தரவேண்டிய செய்திதான். ஆயினும், நோய்க்குப் பெயரொன்று கிடைத்தவுடனே அதைப்பற்றிய விசாரணை நின்றுவிடுவதையும் நாம் அடிக்கடி கண்டிருக்கிறோம். “என்ன வருத்தம்?” என்று கேட்டால் “பீனிசம்” என்பார்கள். அதற்கு மேல் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

இலக்கியச் சஞ்சிகை ஒன்றில் மூக்கையும் கண்ணையும் பற்றி எழுதுவதா என்று முகஞ் சுளிக்கும் நண்பர்கள் சிலர் இருக்கக்கூடும். மனிதன் மூச்சு விடுவதும், பார்ப்பதும், பார்வையை இழப்பதும் அவன் வாழும் சமுதாயத்துக்குப் புறம்பான சங்கதிகள் அல்ல என்பதே அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது. எந்தக் குளிசையை, எவரிடம், எவ்வளவு நேரம் காத்து நின்று ஒருவன் வாங்குகிறான் என்பதைக் கொண்டே அவன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிவிடலாம். தவிரவும், நாம் இங்கே சொல்லப்போவது ஓர் ஆசிரியரின் கதை. இச்சஞ்சிகையை வாசிப்போரிற் பலரும் ஆசிரியர்களே.

நாம் கற்பிக்கும் பாடசாலை வன்னியில் உள்ளது. அங்கே கணிதம் கற்பித்த மூத்தவர் ஒருவரோடு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் இருந்திருக்கிறோம். மாணவரும் ஊரவரும் அழைப்பதுபோல அவரை ‘மாஸ்டர்’ என்றே இங்கும் குறிப்பிடுகிறோம். மாரி தொடங்கினால் மாஸ்டரின் கைக்குட்டை மேசையை விட்டு அகலாது. வெண்கட்டித் தூள்தான் காரணம் என்பது அவருடைய கட்சி. முப்பது வருடம் அதைச் சுவாசித்தவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. “தம்பி, இது எங்கட பரம்பரைச் சொத்து. அம்மாவுக்கும் இருந்தது, அக்காவுக்கும் இருக்கு. காணி பூமி இல்லாதவனுக்குப் பீனிசமாவது மிஞ்சிச்சுதே” என்று சொல்லிச் சிரிப்பார். நகைச்சுவையாகச் சொன்ன அந்தச் சொத்துப் பட்டியலில் வேறொரு முதுசமும் சேர்ந்திருந்தது. அது பின்னர்தான் தெரியவந்தது.

மாஸ்டருக்கு மருந்து கிடைத்த விதத்தை விரிவாகச் சொல்லவேண்டும். பட்டணத்திலே மாலை வேளைகளில் திறக்கும் தனியார் மருந்தகம் ஒன்று. அங்கே இருக்கும் வைத்தியர் கெட்டவர் அல்லர். ஆனால் வாங்குகளில் நெருங்கியிருக்கும் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒதுக்க அவரால் இயலாது. பீனிசம் என்று சொன்னால் போதும். அடுத்த அறையில் ஒரு பெண்பிள்ளை சிறு கடதாசி உறைகளில் குளிசைகளை எண்ணிப் போட்டுத் தருவாள். உறையின் மேல் ‘காலை’, ‘பகல்’, ‘இரவு’ என்று அச்சிட்டிருக்கும். அவற்றின் கீழ் பேனையால் ஒரு கோடு அல்லது இரண்டு கோடு. குளிசையின் பெயர் எந்த மொழியிலும் இராது. மூன்று உறைகளில் ஒன்றில் மிகச் சிறிய குளிசை ஒன்று இருந்தது. அதை விழுங்கிய இரண்டாம் நாளே மூக்குத் திறந்துவிடும், மண்டைப் பாரம் இறங்கிவிடும், சோறு மணக்கும். “இந்தச் சின்னவன்தான் மருந்து, மற்றதுகள் துணைக்கு வந்ததுகள்” என்பது மாஸ்டரின் ஆராய்ச்சி முடிவு. கணித ஆசிரியர் அல்லவா, மூன்று மாறிகளில் விளைவைத் தரும் மாறியைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்.

அதன் பின்னர் மருந்தகத்தின் வாங்கில் காத்திருப்பதற்கும் தேவை இல்லாது போயிற்று. எஞ்சிய குளிசை ஒன்றை மருந்துக் கடையிற் காட்டி, “இதில பத்துத் தாருங்கோ” என்றால் கொடுத்தார்கள். கண் கடிக்கும் நாட்களுக்கென ஒரு துளிமருந்தும் அவ்வாறே பழக்கமாயிற்று. ஒரு மாரி, இரண்டு மாரி என்று ஆறேழு ஆண்டுகள் இப்படி நடந்தன.

இதற்கிடையில் வகுப்பறையிலே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இடப் பக்கத்து வாங்குகளில் இருக்கும் பிள்ளைகள், தாம் கையுயர்த்தினால் மாஸ்டர் தம்மைக் கவனிப்பதில்லை என்று மனத்தாங்கல் கொண்டார்கள். வலப் பக்கத்தில் இருந்தோர் பெரும்பாலும் பட்டணத்து உத்தியோகத்தரின் பிள்ளைகள் என்பதால் அம்மனத்தாங்கல் வேறொரு நிறமும் பெற்றது. பாரபட்சம் என்பதையே கனவிலும் அறியாத அந்த மனிதரைப்பற்றி அப்படியொரு பேச்சு எழுந்தமை எமக்குப் புதிராக இருந்தது. ஒருநாள் அவருடைய சைக்கிள் பாடசாலைப் படலையின் தூணில் மோதியது. இன்னொரு நாள் மாடிப்படியின் கடைசிப் படியைத் தவறவிட்டார். ஆனால் புத்தகத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடியோடு தடையின்றி வாசித்தார். கரும்பலகையில் அவர் கீறிய வட்டம் கவராயத்தால் கீறியது போலவே இருந்தது. கேட்டபோது, “பீனிசம் கண்ணுக்கு இறங்கிற்று” என்றார்.

2021ஆம் ஆண்டின் இறுதியில், வாசிப்புக் கண்ணாடியை மாற்றுவதற்காக அரசினர் வைத்தியசாலையின் கண் பிரிவுக்குச் சென்றார். துணைக்கு நாமும் போயிருந்தோம். எழுத்துப் பலகையை அவர் கடைசி வரிக்கு முந்திய வரி வரை வாசித்துவிட்டார். அதன் பின்பு கண்ணின் உள்ளமுக்கத்தை அளந்தபோது ஒரு கண்ணில் 34, மற்றக் கண்ணில் 31 என்று வந்தது. இளம் பெண் வைத்தியர் ஒருவர்; அளவை மீண்டும் ஒருமுறை எடுத்தார். கருவியால் கண்ணின் பின்புறத்தை நெடுநேரம் உற்று நோக்கியபின், “மாஸ்டர், நீங்கள் என்னென்ன மருந்து பாவிக்கிறீங்கள்?” என்று கேட்டார். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கடதாசி உறையை எடுத்து நீட்டினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வைத்தியரின் முகத்தை நாம் மறக்க மாட்டோம். வாசிப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

அந்தக் கேள்விக்குரிய விடையைத் தேடுவதில் மேலும் இரண்டு நாட்கள் கழிந்தன. மருந்தகத்திற் கேட்டபோது முதலில் தயங்கினார்கள், பின்பு சொன்னார்கள். குளிசையின் பெயர் பிரெட்னிசொலோன். துளிமருந்திலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருளே கலந்திருந்தது. இக்குடும்பத்தை ஸ்டீரோயிட் என்பார்கள்.

கண்ணின் உள்ளமுக்கம் என்பது என்ன என்பதைச் சற்று விளக்கவேண்டியுள்ளது. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீரொன்று இரவு பகல் ஓயாமற் சுரக்கின்றது. இது கண்ணீர் அன்று; கண்ணுக்குள்ளேயே பிறந்து உள்ளேயே வடிந்து செல்லும் நீர். நிமிடத்துக்கு இரண்டு மூன்று மைக்கிரோலீற்றர் அளவே சுரந்தாலும், சுரக்கும் அளவுக்கு வெளியேறவும் வேண்டும். கதிராளியும் கருவிழியும் சந்திக்கும் கோணத்திலே சல்லடை போன்ற ஓர் இழையம் உண்டு. நீர் அதன் வழியாகவே வடிகிறது. வன்னியில் வாழ்வோருக்கு இதைச் சொல்வது எளிது. குளத்துக்கு வரும் நீர் வந்துகொண்டே இருக்கத் துருசு தூர்ந்துபோனால் என்ன நடக்குமோ அதுவே கண்ணிலும் நடக்கிறது. குளத்துக்கு வானாவது உண்டு. கண்ணுக்கு வான் இல்லை. ஏறும் அமுக்கம் பின்புறத்திலுள்ள பார்வை நரம்பின் தலையை நசுக்குகிறது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் சேர்ந்த அந்நரம்பு இழை இழையாக மடிகிறது. இதுவே குளுக்கோமா, கண் அமுக்க நோய் என்றும் கூறுவர். சாதாரணமாக அமுக்கம் 10 முதல் 21 இரச மில்லிமீற்றர் வரை இருக்கும். அவ்வளவுக்குள் இருந்தும் நரம்பு நலிவோர் உண்டென்பதால் அமுக்கத்தை மாத்திரம் அளந்து முடிவுகட்டிவிடவும் முடியாது, நரம்பையும் பார்க்கவேண்டும்.

இந்நோயின் குரூரம் அதன் மௌனத்தில் இருக்கிறது. பெரும்பாலானோரில் அது வலி தருவதில்லை. ஓரப் பார்வையே முதலில் தேய்கிறது. நேர்ப் பார்வை கடைசிவரை நிலைக்கிறது. இழந்த பகுதியில் கரும்புள்ளி எதுவும் தோன்றாது. மூளை அந்த வெற்றிடத்தை அக்கம்பக்கத்துக் காட்சியைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. இடப் பக்கத்துப் பிள்ளைகளின் உயர்த்திய கைகள் மாஸ்டருக்கு மங்கலாகத் தெரியவில்லை என்பதன்று. அங்கே கைகளே இல்லாத ஒரு வகுப்பறை அவருக்குத் தெரிந்தது. மடிந்த நரம்பிழையை உயிர்ப்பிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. உலகில் மீட்க முடியாத குருட்டுத்தன்மைக்குத் தலையாய காரணம் இந்நோய்தான். 2020ஆம் ஆண்டில் 40 வயதுக்கும் 80 வயதுக்கும் இடைப்பட்டோரில் ஏறத்தாழ 7 கோடி 60 இலட்சம் பேரிடம் அது இருக்கும் என்று 2014இல் வெளியான ஆய்வொன்று கணித்திருந்தது.

பீனிசத்துக்கும் இதற்கும் தொடர்பு என்ன? மண்டையோட்டின் முன்பகுதியிலே காற்று நிரம்பிய அறைகள் நான்கு சோடி உள்ளன. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, மூக்கின் மேல் இரு கண்களுக்கும் நடுவே தேன்கூடு போன்ற ஒன்று, மண்டையின் நடு ஆழத்தில் மற்றொன்று. கண்ணோ இவற்றால் மேலும் கீழும் உள்ளும் சூழப்பட்டிருக்கிறது. தேன்கூட்டறைக்கும் கண்குழிக்கும் இடையிலுள்ள எலும்பு எவ்வளவு மெல்லியதென்றால் உடற்கூற்று அறிஞர்கள் அதற்குக் ‘கடதாசித் தகடு’ என்றே இலத்தீனிற் பெயரிட்டார்கள். நடு ஆழத்து அறையை ஒட்டியே பார்வை நரம்பு செல்கிறது. இத்தனை நெருக்கமான அயலில் ஒரு வீட்டின் அழற்சி மறு வீட்டைத் தொடாதிருக்குமா என்ற ஐயம் இயல்பானது. பெருந்தொகையான நோயாளரின் பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வாளர் சிலர், நாட்பட்ட பீனிசம் உள்ளவர்களிடையே குளுக்கோமா சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே மனிதரிற் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதைப் பிறப்பித்தது என்றாகாது. அடிக்கடி வைத்தியரிடம் போகிறவரின் நோய்கள் அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகின்றன என்பதும் ஒரு விளக்கமாகலாம். பீனிசம் உள்ள ஒவ்வொருவரும் நாளைக்கே கண்ணிழக்கப் போகிறார் என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை.

ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த பாலம் வேறு, அது மருந்து. கோட்டிசோன் 1948இல் அமெரிக்காவிலே மூட்டுவாதத்தால் முடங்கிக்கிடந்த பெண்ணொருத்திக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். அதன் பொருட்டு 1950இல் ஹெஞ்ச், கெண்டல், றைக்ஸ்ரைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். உலகமே வியந்த அந்த மருந்தும் அதன் வழிவந்தவையும் கண்ணின் அமுக்கத்தை ஏற்றக்கூடும் என்பது அதே 1950களிலேயே தெரியவந்துவிட்டது. 1960களில் பெக்கர், ஆர்மலி என்னும் இரு கண் வைத்தியர்கள், கண்நோய் எதுவுமில்லாதோரின் கண்களிற் சில வாரங்களுக்கு ஸ்டீரோயிட் துளிகளை இட்டு அளந்து பார்த்தார்கள். மூன்றிலொரு பங்கினரில் அமுக்கம் ஓரளவு ஏறியது. நூற்றுக்கு ஐவர் அளவில் அது அபாயகரமாக ஏறியது. குளுக்கோமா உள்ளோரிலும் அவர்களின் நெருங்கிய உறவினரிலும் இவ்வேற்றம் மிகுதி. மருந்து அந்தச் சல்லடை இழையத்தைத் தடிப்பிக்கச் செய்கிறது. நீர் வடிவது குறைகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அமுக்கம் இறங்கும். ஆனால் அதற்குள் மடிந்த இழைகள் மடிந்தவையே.

வைத்திய உலகில் இச்செய்தி அறுபது ஆண்டுப் பழசு. மாஸ்டரின் காதுக்கு அது எட்டவில்லை. அறிவு இல்லாமையால் அன்று, அறிவு வந்து சேரும் வழி அடைபட்டிருந்தமையாலேயே அவர் பார்வையை இழந்தார் என்பது எமது கருத்து.

இதை வாசித்துவிட்டு எவரும் தமது மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நீண்ட நாள் ஸ்டீரோயிட் குளிசை எடுத்தவர் அதனைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூக்குக்குள் விசிறும் ஸ்டீரோயிட் மருந்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே முதியோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டவர்கள், மூக்கு மருந்தால் இந்த ஆபத்து கூடியதாகக் காணவில்லை. மாதக்கணக்கில் பெரிய அளவில் வாய்வழி உள்ளிழுக்கும் இழுப்பு மருந்திலேயே கண்டார்கள். ஆதலால் விசிறும் மருந்தைக் கண்டு மிரண்டு குளிசைக்குத் தாவுவது வெள்ளத்துக்கு அஞ்சிக் குளத்துக்குள் குதிப்பது போலாகும். குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர்கள் அதை வைத்தியருக்குச் சொல்லி, இடையிடையே அமுக்கத்தை அளந்துகொண்டால் போதும்.

குளுக்கோமாவில் மௌனமில்லாத வகையும் ஒன்று உண்டு. சிலருக்குக் கண்ணின் முன்னறை பிறப்பிலேயே குறுகியிருக்கும். வயது ஏற ஏறக் கோணம் நெருங்கி, ஒருநாள் திடீரென முற்றாக அடைபட்டுவிடும். இவ்வகை நோயாளர்களில் மிகப் பெரும்பகுதியினர் ஆசியாவில் வாழ்வோர். அவர்களிலும் பெண்களே அதிகம். தரம் பத்தில் எம்மிடம் படித்த மாணவி ஒருத்தியின் அம்மம்மாவுக்கு இது நேர்ந்தது. தடிமனுக்கும் மூக்கடைப்புக்கும் சில நாட்களாகக் கடையிற் குளிசை வாங்கிப் போட்டிருந்தார். ஓரிரவு வலக் கண்ணுக்கு மேலே மண்டை பிளப்பது போன்ற வலி, வாந்தி; விளக்கைச் சுற்றி வானவில் போல் வளையம் தெரிகிறது என்றாராம். பீனிசம் முற்றிவிட்டது என்று வீட்டார் ஆவி பிடித்தார்கள், நெற்றிக்குப் பற்றுப் போட்டார்கள், அதே குளிசையை இன்னுமொன்று கொடுத்தார்கள். தடிமன் குளிசைகளிற் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமின், மூக்கடைப்பை நீக்கச் சேர்க்கும் சூடோஎபெட்ரின் போன்றவை கண்மணியை விரியச் செய்யக்கூடியவை. குறுகிய கோணமுள்ள கண்ணில் அந்த விரிவே கதவைச் சாத்திவிடும். மணிக்கணக்கில் வைத்தியசாலை சேர்ந்திருந்தால் மருந்தாலும், பின்பு கதிராளியில் லேசர் கொண்டு இடும் சிறு துவாரத்தாலும் கண்ணைக் காத்திருக்கலாம். மூன்றாம் நாளிலேயே கொண்டுசென்றார்கள். அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மாத்திரம் தெரிகிறது. அவ்வீட்டாரைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் வெங்காயம் கிண்டும் வாரம். ஒருநாட் கூலி அவ்வீட்டில் ஒருநாட் சோறு.

சித்த வைத்திய நூல்கள் கண்ணுக்கு மட்டும் 96 நோய்களை எண்ணி வைத்திருக்கின்றன. அவ்வகைப்பாடு இன்றைய விஞ்ஞானத்தோடு பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி; ஆனால் நோய்களைப் பிரித்தறிந்து தனித்தனிப் பெயரிடவேண்டும் என்ற அறிவுத் தாகம் அங்கே இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை வெளியிட்டு, கலைச்சொற்களையும் ஆக்கித் தந்தார். அவருடைய நோக்கங்களிற் சமயம் கலந்திருந்தது என்பது உண்மை. ஆயினும் நோயாளி பேசும் மொழியிலேயே வைத்தியம் பேசவேண்டும் என்று அன்றே துணிந்தவர் அவர். அவ்வழி பின்னர் தூர்ந்துபோனமைக்கு ஆங்கிலம் படித்த நமது மத்திய வர்க்கத்தாரும் பொறுப்பாளிகளே. இன்று எமது உயிரியல் பாடநூலில் கதிராளி உண்டு, பார்வை நரம்பு உண்டு. பரீட்சைக்கு அவற்றைப் படமாகக் கீறும் மாணவி வீட்டுக்குப் போனால் அம்மம்மாவின் கண்ணில் நடப்பது பீனிசம்.

மருந்தின் பெயரைப்பற்றிப் பேசுகையில் சேனக பிபிலேயை நினையாமலிருக்க இயலாது. மருந்தியற் பேராசிரியராகவும் இடதுசாரியாகவும் விளங்கிய அவர், கம்யூனிஸ்ட் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து இந்நாட்டின் மருந்து வாணிபத்தை ஆராய்ந்து 1971இல் அறிக்கை சமர்ப்பித்தார். அவ்வாண்டில் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. ஒரே மருந்துக்குப் பத்துக் கம்பனிகள் பத்துப் பெயர் சூட்டிப் பத்து விலைக்கு விற்கும் கொள்ளையைத் தடுக்க வேண்டும். மருந்தை அதன் சொந்தப் பெயரால் இறக்குமதி செய்து, சொந்தப் பெயராலேயே எழுதி, சொந்தப் பெயராலேயே கொடுக்க வேண்டும் என்றார். பன்னாட்டுக் கம்பனிகள் அதை எதிர்த்தன. 1977இல் அவர் கயானாவில் காலமானார். அவருடைய கொள்கையைச் சட்டமாக்கக் கோரிப் பல்லாண்டுகள் எழுந்த குரலின் பின்னரே, 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. பிபிலே பேசியதைப் பெரும்பாலும் விலை பற்றிய வாதமாகவே நாம் கற்றிருக்கிறோம். மாஸ்டரின் கடதாசி உறையைக் கண்டபின் அதில் மற்றொரு பொருளும் எமக்குத் தெரிகிறது. பெயர் தெரியாத குளிசையைப்பற்றி எவரிடமும் கேள்வி கேட்க முடியாது. எந்த நூலிலும் தேட முடியாது. வேறொரு வைத்தியருக்குச் சொல்லவும் முடியாது. அந்த வெற்று உறை நோயாளியை வாயடைக்கச் செய்கிறது. உறையில் பெயரெழுதுவதற்கு வேண்டியது ஒரு பேனையும் ஐந்து விநாடியும். அதற்கு நேரமில்லை என்பவர்கள் உண்டு. பெயர் தெரிந்தால் நோயாளி மறுமுறை வராமல் கடைக்கே போய்விடுவான் என்பவர்களும் உண்டு. மாஸ்டர் பெயர் தெரியாமலே கடைக்குப் போனார்.

கண் பிரிவின் வைத்தியர் இன்னொன்றும் கேட்டார்: குடும்பத்தில் எவருக்காவது இந்நோய் இருந்ததா? மாஸ்டர் இல்லையென்றார். சற்று நேரம் கழித்து, தமது தாயார் கடைசிக் காலத்திற் பார்வையின்றி இருந்ததாகச் சொன்னார். இடப்பெயர்வுக் காலம், கொட்டில் மாறிக் கொட்டில் போன ஆண்டுகள். கிளினிக் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. வயதுக்குக் கண் மங்கிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தாய்க்கு இருந்தது இதுவேதானா என்று இனி எவராலும் கூற முடியாது. ஆனால் கூடப்பிறந்தவர்கள் அனைவரும் கண்ணைக் காட்டவேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்தினார்.

தமக்கையார் ஒருவர் மட்டுமே ஊரில் இருக்கிறார். யுத்தத்திற் கணவரை இழந்தவர், கிடுகு பின்னி விற்று வாழ்பவர், அவருக்கும் பீனிசம். “எனக்குக் கண் நல்லாத் தெரியுது, ஏன் மினக்கெடுவான்” என்று இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை, தம்பியாரின் கையைப் பிடித்து வழிகாட்டி நடத்திக்கொண்டு அவரே வந்தார். அவருடைய அமுக்கம் 27. நரம்பில் பாதிப்புத் தொடங்கியிருந்தது, ஆனால் சிறிதளவே. நாள்தோறும் மாலையில் கண்ணுக்கு ஒரு துளி என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் இடவேண்டிய மருந்து அது.

2022இல் நாட்டிடம் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது வைத்தியசாலைகளில் மருந்துகளும் தீர்ந்தன. எழுதிக்கொடுத்த துண்டோடு வெளியே கடைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு போத்தல் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குக் காணும். கடையில் அதன் விலை அம்மையாருக்கு நாலைந்து நாள் உழைப்பு. ஆசிரியர் அறையில் நாம் சிலர் சேர்ந்து சில மாதங்கள் வாங்கிக் கொடுத்தோம். அது தீர்வு ஆகாது என்பது எமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பின்பு வைத்தியசாலையில் மருந்து மீண்டும் வரத்தொடங்கியது. ஆயினும் சில மாதங்களில் வருகிறது, சில மாதங்களில் இல்லை.

மாஸ்டர் 2023இல் ஓய்வு பெற்றார். அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். எஞ்சிய பார்வை அப்படியே நிற்கிறது. பத்திரிகையைத் துண்டு துண்டாக மடித்து வாசிக்கிறார். மாலையில் உயர்தர மாணவர் சிலர் அவரிடம் கணக்குக் கேட்க வருகிறார்கள். இப்போது எல்லோரையும் வலப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறார்.

அண்மையில் தமக்கையாரைக் கண்டோம். போத்தல் முடியுந் தறுவாயில் இருந்தது. இரண்டு கண்ணுக்கும் இடுவதில்லையாம். ஒருநாள் இந்தக் கண்ணுக்கு, மறுநாள் மற்றக் கண்ணுக்கு என்று மாற்றி மாற்றி இடுகிறாராம். அப்படிச் செய்யக்கூடாது என்றோம். “அது எனக்குத் தெரியும் தம்பி. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கு” என்றார்.